குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்

அந்தச் சட்டைக் கம்பெனியில் வருஷம் முழுக்க இருபத்திரண்டு டிகிரிதான். வெளியே தார் ரோடு உருகி செருப்பைப் பிடித்து இழுக்கிற நாளிலும் இருபத்திரண்டு, காகம் வாயைப் பிளந்துகொண்டு குழாயடியில் உட்கார்ந்திருக்கிற நாளிலும் இருபத்திரண்டு. சந்தேகப்படுகிறவர்கள் நேராக இஸ்திரிக் கூடத்துக்குப் போய் அங்கே மாட்டியிருக்கும் கரும்பலகையைப் பார்க்கலாம். மணிக்கொரு தடவை சாக்பீஸால் எழுதி வைப்பார்கள்: "தற்போதைய வெப்பநிலை 22. பணிபுரிய இதமான சூழல்." எழுத்து மட்டும் அங்கங்கே கலைந்திருக்கும். எழுதுகிறவரின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை அதன் மேல் சொட்டிவிடும், அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

இஸ்திரிக் கூடம் என்றால் தகரக் கூரை போட்ட நீளமான ஹால். நாற்பத்திரண்டு மேசை, நாற்பத்திரண்டு இஸ்திரிப் பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் புஸ் புஸ்ஸென்று நீராவி கொண்டுவருகிற ஒரு ரப்பர் குழாய். மின்விசிறி இரண்டு. ஒன்று ஓடாது. இன்னொன்று ஓடும், காற்று வராது.

பதினோராவது மேசையில் காலர் அக்கா. பன்னிரண்டாவது மேசையில் அவள் புருஷன் மடிப்பு. அக்கா பதினெட்டு வருஷமாகக் காலர் மட்டுமே தேய்க்கிறவள். மடிப்புக்குக் கை, முதுகு, கடைசி மடிப்பு எல்லாம். அவர் போட்ட கை மடிப்பில் விரலை வைத்தால் அறுத்துவிடும் என்று கூடத்தில் பேச்சு. இரண்டு பேருடைய சொந்தப் பெயரும் அடையாள அட்டையில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பலகையில் இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், காலர் அக்கா கையிலிருந்த காலரோடு அப்படியே சரிந்து விழுந்தாள். மடிப்பு ஓடிவந்து தலையைத் தூக்கி மடியில் வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தார். அவள் கண் திறந்து, "பெட்டியை நிமிர்த்தி வச்சீங்களா, காலர் கருகிடும்" என்றாள். அதற்குள் தலைமாட்டில் ஒரு ஜோடி ஷூ வந்து நின்றது.

ஷூவுக்குச் சொந்தக்காரர் கூடத்தின் மேற்பார்வையாளர். நீளவாக்கில் ஒரு நோட்டை எப்போதும் அக்குளில் இடுக்கியிருப்பார், அதனால் அவருக்கு நோட்டு என்றே பெயர். நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நாலு கட்டம்: தாமதம், பேச்சு, கழிவறை, தூக்கம்.

"தூக்கம், ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். முதல் தூக்கம் போன மாசம் அவள் இதேபோல் விழுந்ததற்கு.

"சார், அவ தூங்கல. மயங்கி விழுந்தா" என்றார் மடிப்பு.

"கண்ணை மூடியிருந்தாங்களா இல்லையா?"

"மூடித்தான் இருந்தா."

"படுத்திருந்தாங்களா?"

"விழுந்து கிடந்தா சார்."

"நின்னுக்கிட்டு இல்லல்ல? கண்ணை மூடிப் படுத்திருந்தா அதுக்குப் பேர் தூக்கம்தான். நான் ஒண்ணும் புதுசா சொல்லல."

"மயக்கம்னு எழுதுங்களேன்."

நோட்டு நோட்டையே திருப்பிக் காட்டினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. "நீயே பாரு. மயக்கத்துக்குக் கட்டம் எங்க இருக்கு? கட்டம் போடுறதுக்கெல்லாம் எனக்கு அதிகாரம் இல்லப்பா. மேல போய்க் கேளு."

மூன்று தூக்கம் விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதிலும் வெறுமனே அனுப்ப மாட்டார்கள். "பணி நேரத்தில் தூங்கியவர்" என்று எழுதி, படத்தோடு வாசலில் ஒட்டிவிட்டு அனுப்புவார்கள். அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாது.

அன்று சாயங்காலம் வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது காலர் அக்கா வெடித்தாள். "பதினெட்டு வருஷத்துல ஒரு கொட்டாவி விட்டிருப்பேனா? என்னைப் போய்த் தூங்குமூஞ்சின்னு எழுதிட்டான். வேலை போனாக்கூடப் பரவாயில்லங்க. தூங்கிட்டான்னு படத்தைப் போட்டு ஒட்டுவாங்களே, அதை என் தங்கச்சி பார்ப்பாளே, அவ மாமியார் பார்ப்பாங்களே." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மடிப்பு மறுநாள் போடவேண்டிய தன் சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கவலை வந்தால் அவருக்குக் கை அதற்குத்தான் போகும்.

மறுநாள் அவர் கம்பெனி வாசலிலேயே நின்று, பத்து வருஷமாகக் கடந்துபோகிற சலவைக்கல்லை முதல் தடவையாக முழுக்கப் படித்தார். அதில் தங்க எழுத்தில் பொறித்திருந்தது: "விதி 14. பணியிட வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் சங்கு ஒலிக்கப்படும். அனைவரும் உடனே வேலையை நிறுத்தி அரை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். குளிர்ந்த நீர் வழங்கப்படும்." சட்டை வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். சங்கு ஒரு தடவைகூட ஊதியதில்லை. எப்படி ஊதும், இருபத்திரண்டுதானே?

பலகையில் எழுதுகிறவர் வெப்பநிலைக் கண்காணிப்பு அலுவலர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சட்டை தேய்த்துவிடலாம் என்பதால் எல்லோருக்கும் அவர் டிகிரி. எந்நேரமும் கழுத்துவரை கம்பளிச் சட்டை போட்டிருப்பார். மடிப்பு அவரைக் கூடத்து வாசலில் மறித்தார்.

"சார், அந்தத் தர்மாமீட்டர் எங்க இருக்கு?"

"எம்.டி. ரூம்ல. ஏன்?"

"அங்க ஏ.சி. ஓடுமே சார்."

"ஓடும். அதனாலதான் எனக்கு மாசம் ரெண்டு தடவை ஜலதோஷம்." டிகிரி மூக்கை உறிஞ்சினார். "உள்ள போயி ஒரு தும்மல், வெளிய வந்து ஒரு தும்மல்."

"இங்க இருக்கிற சூட்டை அளக்கணும்னா தர்மாமீட்டர் இங்கதானே சார் இருக்கணும்?"

டிகிரி அவரைப் பாவமாகப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். கருவி வாங்கியபோது பெட்டியோடு வந்த காகிதம் அது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் பசை நாடா ஒட்டியிருந்தது. கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார்: "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்."

"இந்தக் கம்பெனியிலேயே குளிர்ந்த, உலர்ந்த இடம் எது? சொல்லு."

"எம்.டி. ரூம்தான் சார்."

"அப்புறம்? செஞ்சவனே எழுதிக் குடுத்திருக்கான். இங்க கொண்டுவந்தா சூட்டுல கெட்டுப்போயிடும். கெட்டுப்போன கருவி தப்பா காட்டும். தப்பான வெப்பநிலையை நான் பலகையில எழுதணும்னு சொல்றியா? பதினோரு வருஷமா ஒரு எண்ணுகூட நான் தப்பா எழுதினதில்ல."

அது உண்மைதான். பதினோரு வருஷமாக ஒரே எண்ணை எழுதிக்கொண்டிருந்தால் தப்பு வர வழியில்லை.

மடிப்பு ஒரு மனு எழுதி ஊழியர் நலப் பிரிவில் கொடுத்தார். அந்தப் பிரிவின் தலைவியை நலன் மேடம் என்று கூப்பிடுவார்கள். நல்ல சிரித்த முகம். யார் எந்தக் குறையைச் சொன்னாலும், "ரொம்ப முக்கியமான விஷயத்தைச் சொல்லியிருக்கீங்க" என்பார். அதைக் கேட்டவர்கள் பாதிக் குறை தீர்ந்ததுபோல் திரும்பிப் போய்விடுவார்கள். மீதிப் பாதி அப்படியே இருக்கும். மனுவைப் படித்த அவர் வெள்ளிக்கிழமை காலை கூடத்துக்கே வந்து, ஒலிபெருக்கி வைத்துப் பேசினார்.

"அன்பான சொந்தங்களே, உங்கள்ல சிலருக்குச் சூடா இருக்கறதா எனக்குத் தகவல் வந்திருக்கு. பலகை இருபத்திரண்டுன்னு சொல்லுது. உங்க உடம்பு வேற ஏதோ சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய். பலகைக்குப் பொய் சொல்லத் தெரியாது, அது மரப்பலகை. அப்போ நாம சரிபண்ண வேண்டியது எதை? மனசை. சூடுங்கறது ஒரு எண்ணம். எல்லாரும் இப்போ கண்ணை மூடுங்க. ஒரு பெரிய பனிமலையை நினைச்சுப் பாருங்க. அதும்மேல நீங்க நடந்து போறீங்க. காலு சில்லுனு இருக்கா?"

நாற்பது பேர் கண்ணை மூடினார்கள். மடிப்பும் மூடிப் பார்த்தார். பனிமலையில் நாலடி வைப்பதற்குள் பக்கத்து மேசையின் நீராவி அங்கேயும் வந்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது நோட்டு வரிசையாக ஒவ்வொரு மேசையாக நின்று எழுதிக்கொண்டு போவது தெரிந்தது.

"சார், மேடம்தான் மூடச் சொன்னாங்க."

"அவங்க சொன்னாங்க, நீங்க மூடினீங்க. நான் அதைத்தானே எழுதுறேன்? ஆனா நின்னுக்கிட்டே மூடினதால ஆளுக்கு அரைத் தூக்கம்தான் போட்டிருக்கேன். நானும் மனுஷன்தானே."

காலர் அக்கா மட்டும் கண்ணை மூடவே இல்லை. ஒன்றேகால் மணி நேரமும் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு நின்றாள். அவள் கணக்கு அவளுக்குத் தெரியும். அதற்காக நலன் மேடம் அவளைத் தனியே கூப்பிட்டு, "உங்களுக்கு மாற்றத்தை ஏத்துக்கற மனப்பக்குவம் இன்னும் வரணும்" என்று கையைப் பிடித்துச் சொன்னார். மேடத்தின் கை ஜில்லென்று இருந்ததாம். "அஞ்சு நிமிஷம் பிடிச்சுக்கிட்டே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

மடிப்பு விடவில்லை. இரண்டாவது மனு கொடுத்தார். கருவியை ஒரே ஒரு நிமிஷம் கூடத்துக்குக் கொண்டுவந்து காட்டினால் போதும் என்று எழுதினார். இந்த மனுவைப் பரிசீலிக்க ஒரு குழு போட்டார்கள். குழு மூன்று தடவை கூடி, கருவியின் உடல்நலத்துக்குப் பங்கம் வராமல் அதை அழைத்து வருவது எப்படி என்று ஆராய்ந்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது.

அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்கு ஊர்வலம் வந்தது. முன்னால் நலன் மேடம், பின்னால் குழுவினர், நடுவில் டிகிரி. டிகிரியின் இரண்டு கையிலும் ஒரு வெள்ளை தெர்மாகோல் பெட்டி. மேசை ஒன்றைத் துடைத்து, பெட்டியை வைத்தார்கள். கூடமே சுற்றி நின்றது. டிகிரி மூடியை ஒரு விரற்கடை தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, படக்கென்று மூடினார்.

"ஒன்பது" என்றார்.

மடிப்புக்குப் புரியவில்லை. "என்ன சார் ஒன்பது?"

"ஒன்பது டிகிரி. எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு."

"சார், உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"ஐஸ்கட்டி. வழியில சூடுபட்டுக் கெட்டுப்போச்சுன்னா யார் பொறுப்பு? குளிர்ந்த இடம்னு போட்டிருக்கா இல்லையா?"

"உலர்ந்த இடம்னும் போட்டிருக்கே சார்" என்றாள் காலர் அக்கா. குழு அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் விவாதிப்பதாகச் சொன்னது.

பலகையில் இருபத்திரண்டை அழித்துவிட்டு ஒன்பது என்று எழுதினார்கள். நலன் மேடத்துக்கு முகம் வாடிவிட்டது. "ஐயையோ, இவ்வளவு குளிர்ல நம்ம ஆளுங்க இத்தனை வருஷமா வேலை செய்யறாங்களா? இது தெரியாம நான் பனிமலையெல்லாம் நினைக்கச் சொல்லிட்டேனே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தம்தான் எல்லோரையும் கவிழ்த்தது. கிடங்கில் யாரோ வாங்க மறுத்துப்போன கம்பளிச் சட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. மறுநாள் காலையிலேயே ஆளுக்கு ஒன்று கொடுத்து, மாட்டிவிட்டு, படம் எடுத்தார்கள். பணி நேரத்தில் கழற்றக் கூடாது என்று உத்தரவு வந்தது. நோட்டின் நோட்டில் ஒரே ராத்திரியில் ஐந்தாவது கட்டம் முளைத்திருந்தது: "கம்பளி கழற்றல்."

"கட்டம் போட அதிகாரம் இல்லன்னீங்களே சார்" என்றார் மடிப்பு.

"இது மேல இருந்து வந்த கட்டம்ப்பா. மேல இருந்து வந்தா கட்டம் தானா விழும்."

அன்று முழுக்கக் காலர் அக்கா கம்பளிச் சட்டையோடு நின்றாள். மூன்று மணிக்கு அவள் கண் சொருக ஆரம்பித்ததை மடிப்பு பார்த்துவிட்டார். பேச்சுக் கட்டம் விழுந்தாலும் விழட்டும் என்று, "இந்தாம்மா, நாளைக்கு உங்க அண்ணன் வர்றாராமே" என்றார். அவளுக்கும் அண்ணனுக்கும் ஆகாது. அவள் கோபத்தில் நிமிர்ந்துவிட்டாள். இப்படி அண்ணனை ஐந்தரை மணிவரை நாலு தடவை வரவழைத்து அன்றைய பொழுதை ஓட்டினார்.

வீட்டில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, "நாளைக்கு என்ன சொல்லி எழுப்புவேன்னு தெரியலம்மா. என்கிட்ட அண்ணன் தீந்து போயிட்டான்" என்றார். அவருக்குப் பயமாக இருந்தது. அவள் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"ஏங்க, அந்தத் தர்மாமீட்டரை நம்ம கூடத்துக்குக் கொண்டுவர விடமாட்டாங்க, இல்லையா?"

"விடமாட்டாங்க."

"அப்போ நம்ம கூடத்தை அதுகிட்ட கொண்டு போகணும்."

"என்னம்மா, காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?" என்று அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவள் கையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கூடத்துக்கு ஆள் வந்தது. எம்.டி.க்கு அன்று சாயங்காலம் "இதமான பணியிடம்" விருது கொடுக்கிறார்கள். ஒன்பது டிகிரியில் ஊழியர்களுக்குக் கம்பளி கொடுத்துக் காப்பாற்றியதாகப் படத்தோடு செய்தி போயிருந்தது. அதற்காகத் தைத்த புதுக் கோட்டு கசங்கி வந்து சேர்ந்திருக்கிறது. போன தடவை வெளியே தேய்க்கக் கொடுத்த கோட்டு முதுகில் பெட்டி அடையாளத்தோடு திரும்பி வந்ததால், இந்தத் தடவை எம்.டி. கோட்டைக் கண்ணைவிட்டு நகர விடுவதாக இல்லை. கம்பெனியிலேயே கை சுத்தமான ஆள் பெட்டி, குழாய், சின்ன நீராவி இயந்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அறைக்கே வரவேண்டும்.

மடிப்பு சாமான்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது காலர் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவரும் பார்த்தார். கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவர்களுக்கு அதற்குமேல் பேச வேண்டியதில்லை.

எம்.டி. அறை நிஜமாகவே குளிர்ந்து, உலர்ந்து இருந்தது. சுவரில் தர்மாமீட்டர். அதற்குக் கீழே சங்குக்கான சிவப்புப் பொத்தான். வாங்கியபோது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. மடிப்பு அறையைச் சுற்றிப் பார்த்தார். மூன்று இடத்தில் பிளக் இருந்தது. தர்மாமீட்டருக்குக் கீழே இருந்த பிளக்கில் செருகினார்.

"சார், ஒரு சின்ன விஷயம். இது கம்பளித் துணி. நீராவி படும்போது ஏ.சி. காத்து பட்டா திட்டுத்திட்டா நின்னுடும். கொஞ்சம் நிறுத்திக்கலாமா?"

எம்.டி. கையில் வைத்திருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், நிறுத்து என்று கையைக் காட்டினார்.

"கதவு, ஜன்னலும் சார்."

அதற்கும் கை அசைந்தது. எம்.டி. அன்றைய ஏற்புரையை உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

"பெரியோர்களே, வெப்பம் என்று ஒன்று இருப்பதாகப் பிற நிறுவனங்களில் சொல்கிறார்கள். எங்கள் நிறுவனத்தில் பதினோரு வருஷமாகத் தேடியும் அது கிடைக்கவில்லை."

புஸ்ஸென்று நீராவி சுவரோடு ஏறியது. மடிப்பு தலைக்குமேல் ஓரக்கண்ணால் பார்த்தார். இருபத்தாறு.

"முதலாளி வேறு, தொழிலாளி வேறு என்று நான் நினைத்ததில்லை. எங்கள் எல்லோருக்கும் ஒரே வெப்பநிலைதான். அந்த வெப்பநிலை என் அறையில் பத்திரமாக இருக்கிறது." எம்.டி. சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றினார். "ஏம்ப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"முதுகு முடிஞ்சுது சார். வலது கை நடக்குது. இதை அவசரப்படுத்தினா கெட்டுப்போயிடும்." முப்பத்தொன்று.

"எங்கள் ஊழியர்களுக்கு வியர்வை என்றால் என்னவென்றே..." எம்.டி. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், காகிதத்தைத் துடைத்தார். மை கலங்கியது. "...என்னவென்றே தெரியாது. அது எப்படி இருக்கும் என்று எனக்கும்..." அடுத்த வரி படிக்க முடியாமல் போயிருந்தது.

மடிப்பு வலது கையை முடித்து இடது கைக்கு வந்தபோது மணி பதினொன்று. கதவைத் தட்டிவிட்டு டிகிரி உள்ளே வந்தார். வழக்கம்போல் தும்முவதற்கு மூக்கைச் சுருக்கினார், தும்மல் வரவில்லை. சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வேலையில் ஒரு சம்பவம் நடந்திருந்தது.

"சார், முப்பத்தேழு."

"இருபத்திரண்டுன்னு எழுது" என்றார் எம்.டி. குரல் எங்கிருந்தோ வந்தது.

"எப்படி சார் எழுதுறது? கருவி காட்டுறதுதான் வெப்பநிலை, ஆளு சொல்றது இல்லன்னு நீங்களே சுற்றறிக்கையில கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கூடத்து ஆளுங்களுக்கு நான் அதைத்தான் பதினோரு வருஷமா படிச்சுக் காட்டிட்டு வர்றேன்." டிகிரி விதியை நம்பிய மனுஷர், பாவம், நிஜமாகவே நம்பினார். பிளாஸ்டிக் தாளை நகத்தால் உரித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

சங்கு ஊதியது. கம்பெனி முழுக்க, வெட்டுகிற கூடம், தைக்கிற கூடம், இஸ்திரிக் கூடம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோனது. மடிப்பு பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னப்பா நின்னுட்ட? இடது கை பாக்கி இருக்கே."

"விதி பதினாலு சார். சங்கு ஊதினா உடனே வேலையை நிறுத்தணும். வாசல் கல்லுல இருக்கு."

எம்.டி. ஏதோ சொல்வதற்காக நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் ஒரு சுற்றுச் சுற்றி, கம்பளத்தின் மேல் சாய்ந்தார். மடிப்புதான் முதலில் ஓடித் தலையைத் தூக்கி மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்தார். அந்தக் கைக்கு அது பழகிய வேலை.

சங்கை ஊதியது யார் என்று பார்க்க நோட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். தரையில் ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருப்பதைப் பார்த்தார். கை தானாக நோட்டைப் பிரித்தது. பெயருக்கு இடம் விட்டு, "தூக்கம், ஒன்று" என்று எழுதி முடித்த பிறகுதான் படுத்திருப்பது யாரென்று பார்த்தார்.

பின்னாலேயே வந்த நலன் மேடம் பதறிப்போனார். "என்ன எழுதறீங்க நீங்க? சார் மயங்கி விழுந்திருக்காரு."

"மயக்கத்துக்குக் கட்டம் இல்லையே மேடம்" என்றார் மடிப்பு, எம்.டி.யின் நெற்றியைத் துடைத்தபடி. ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார்.

"அந்தத் தாளைக் கிழிச்சிடுங்க."

"எல்லாத் தாள்லயும் எண் போட்டிருக்கு மேடம். விருது குடுக்கிறவங்க இந்த நோட்டையும் பார்ப்பாங்க, கிழிச்சா கேட்பாங்க" என்றார் நோட்டு. வேர்த்து வழிந்தது அவருக்கு. நின்றிருந்தவர்கள் எல்லோருக்குமே வேர்த்தது. நலன் மேடம் கம்பளத்தைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். பனிமலையை நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் உதவவில்லை. கடைசியில் மேசை மேலிருந்த அளவுகோலை எடுத்து நீட்டினார்.

"கட்டம் போடுங்க."

நோட்டு மண்டியிட்டுக் கோடு இழுத்து, தலையில் "மயக்கம்" என்று எழுதினார். எழுதிவிட்டுத் தயங்கினார். "மேடம், ஒரு சிக்கல். சார் விழுந்தது பதினொன்று அஞ்சுக்கு. கட்டம் போட்டது பதினொன்று பத்துக்கு. கட்டத்துக்கு முன்னாடி விழுந்தவங்களை இதுல சேர்க்க முடியாது."

"அப்போ கட்டத்தை முன்தேதியிட்டுப் போடுங்க."

"எந்தத் தேதியிலிருந்து?"

மேடம் யோசிக்க நேரமில்லாமல், "கம்பெனி ஆரம்பிச்ச நாளிலிருந்து" என்றார். கண் விழித்துக்கொண்டிருந்த எம்.டி. படுத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் நோட்டு இஸ்திரிக் கூடத்துக்கு வந்து, பதினோராவது மேசைக்கு முன்னால் நின்று, இரண்டு தூக்கத்தையும் அடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் இரண்டு மயக்கம் எழுதினார். காலர் அக்கா நோட்டை வாங்கி ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். "பேரைச் சரியா எழுதியிருக்கீங்களா? அது நான்தானே?" என்று கேட்டுவிட்டு, காலரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் அழுதது மடிப்புக்குத் தெரிந்தது. வியர்வையோடு வியர்வையாகப் போனதால் நோட்டுக்குத் தெரியவில்லை. நல்லவேளை, தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருப்பார்.

எம்.டி. விருதை வாங்கினார். மேடையில் இடது கையைக் கடைசிவரை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்ததைப் பார்த்து, என்ன பணிவு என்று எல்லோரும் வியந்தார்களாம்.

திங்கட்கிழமை பலகையில் ஓர் உத்தரவு ஒட்டியிருந்தது. "எம்.டி. அவர்களின் அறையில் பணியிலிருந்த வெப்பமானி, அந்த அறையின் கண்ணியத்துக்குப் பொருந்தாத எண்களைக் காட்டி உற்பத்திக்கு இடையூறு விளைவித்துள்ளது. ஆகவே ஒழுங்கு நடவடிக்கையாக, அது சங்குப் பொத்தானோடும் அதற்குப் பொறுப்பான அலுவலரோடும் இஸ்திரிக் கூடத்துக்கு உடனடியாக மாற்றப்படுகிறது. அங்கே படும் கஷ்டத்தில் அது திருந்தும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது."

ஒன்பது மணிக்கு டிகிரி கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது. பதினோராவது மேசைக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டினார்கள். காலர் அக்கா அதை ஏற இறங்கப் பார்த்து, "வாப்பா, என்ன தப்பு பண்ணின, நீயும் கண்ணை மூடிட்டியா?" என்று விசாரித்தாள். கூடமே சிரித்தது. பேச்சுக் கட்டத்தில் நாற்பத்திரண்டு பேர் பெயரும் விழுந்தது.

பத்தரைக்குக் கருவி முப்பத்தொன்பதைத் தொட்டது. டிகிரி எழுந்து, கம்பளிச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

சங்கு ஊதியதும் காலர் அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வந்த குளிர்ந்த நீரில் பாதியைக் குடித்தாள், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். கம்பளிச் சட்டையைச் சுருட்டி முதுகுக்கு வைத்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக் கண்ணை மூடினாள். மடிப்பு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காலர் அட்டையால் அவளுக்கு விசிறினார்.

நோட்டு வந்து நின்றார். நோட்டைப் பிரித்தார்.

"ஏம்மா, இது தூக்கமா மயக்கமா?"

"ரெண்டும் இல்ல சார்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "ஓய்வு."

நோட்டு ஆறு கட்டத்தையும் விரல் வைத்துப் பார்த்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கடைசிப் பக்கம்வரை போய், மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார்.